டர்போ வண்டிக்கு எத்தனால்: பம்ப்ப பாத்துட்டு டைமிங்க தொடுங்க

கேள்வி: அண்ணா, நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. 2017 ஆக்டேவியா விஆர்எஸ் 230 வெச்சிருக்கேன், ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்குற ப்ரோக்ராம பவருக்காக மாத்துறது) பண்ணி, டர்போ காத்த குளிர வெக்கிற இன்டர்கூலரும் பெருசா போட்டாச்சு. மார்ச், ஏப்ரல் வந்தா எங்க ஊர் வெயில்ல ரெண்டு தடவ இழுத்தாலே வண்டி சோர்ந்துடுது, ஓடுறப்ப பதிவான டேட்டாவ (லாக்) எடுத்துப் பாத்தா ஈசியுவே, அதான் இன்ஜின் கம்ப்யூட்டரே, டைமிங்க (ப்ளக் பொறி விடுற நேரத்த) குறைக்குது. எத்தனால் போட்டா சரியாகும்னு சொல்றாங்க, நேரா இ85 (85 சதவீதம் எத்தனால்) மேப் போட்டுரலாமா?

பதில்: சரியாகும் தம்பி, அதுல சந்தேகமே வேண்டாம். பாலக்காட்டு வெயில் 40 டிகிரிய தொடும்போது இன்டர்கூலருக்கு அப்புறமும் காத்து சூடாத்தான் உள்ள போகுது, அதுனால சிலிண்டருக்குள்ள ஃப்யூயல் தானா வெடிக்கிற நாக் வருது, நாக் வந்தா ஈசியு டைமிங்க பின்னால தள்ளுது, பவர் போயிடுது. எத்தனாலோட ஆக்டேன், அதாவது நாக்க தாங்குற அளவு, 108 கிட்ட. அது மட்டும் இல்ல, ஆவியாகும்போது அது பெட்ரோல விட ரொம்ப சூட்ட இழுத்துக்கும், ஒரே அளவு காத்துக்கு எத்தனால் அதிகமாவும் ஊத்தணும், ரெண்டையும் சேத்துக் கணக்கு போட்டா பெட்ரோல் தர்ற குளிர்ச்சிய மாதிரி நாலு மடங்கு கிட்ட வரும். உங்க வண்டி டைரக்ட் இன்ஜெக்ஷன், ஃப்யூயல சிலிண்டருக்குள்ளயே அடிக்குது, அதனால அந்தக் குளிர்ச்சி நேரா சிலிண்டருக்குள்ளயே கிடைக்குது. கோனிக்செக் சிசிஎக்ஸ்ஆர்னு ஒரு கார் 2007ல வந்துச்சு, அதோட பெட்ரோல் அண்ணன் 806 குதிரை சக்தி, இது இ85ல 1018. எத்தனால்ல எவ்வளவு இருக்குன்னு அதுலயே தெரியும்.

ஆனா நேரா இ85 வேண்டாம். காரணம் பம்ப். 1 கிலோ சுத்தப் பெட்ரோல் எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 போதும், அப்படின்னா அதே காத்துக்கு எத்தனால் நிறைய ஊத்தணும். இப்ப பங்க்ல போடுற இ20க்கு 13.5, இ85க்கு 9.8. லிட்டர் கணக்குல பாத்தா இ20 குடிக்கிறத விட மூணுல ஒரு பங்கு கூட இ85 வேணும். உங்க வண்டில கேம் ஷாஃப்ட் ஓட்டுற ஹை பிரஷர் பம்ப் 200 பார் கிட்ட தருது, ரீமேப் பண்ணின வண்டில அது ஏற்கனவே முக்கால்வாசி வேலைய செஞ்சிட்டு இருக்கும். அது மேல இ85 ஏத்தினா 5000 ஆர்பிஎம் தாண்டினதும் ரயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போற ஃப்யூயலோட அழுத்தம்) விழும், வண்டி லீன் ஆயிடும், அதாவது காத்துக்கு ஏத்த ஃப்யூயல் இருக்காது, டர்போ தள்ளுற பூஸ்ட் மட்டும் அப்படியே நிக்கும். அந்த ரெண்டு செகண்டு போதும் பிஸ்டன் போறதுக்கு.

உங்களுக்கு இ30 போதுங்க. இ20ல இருந்து இ30க்கு போனா 4, 5 சதவீதம்தான் கூட ஊத்தணும், பெரும்பாலும் ஒரிஜினல் பம்ப்பே தாங்கும், ஆனா நாக் விஷயத்துல கிடைக்கிற வித்தியாசத்த முதல் லாக்லயே பாப்பீங்க. 2024 மார்ச்ல இந்தியன் ஆயில் எத்தனால் 100னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அஞ்சு மாநிலத்துல 183 பங்க், அந்த லிஸ்ட்ல தமிழ்நாடு இருந்துச்சு, கேரளா இல்ல. பேர்தான் 100, உள்ள 93 சதவீதம் சொச்சம்தான் எத்தனால், மிச்சம் பெட்ரோலும் ரெண்டையும் பிரியாம வெக்கிற ஒரு சேர்மானமும். உங்க டேங்க் 50 லிட்டர். அதுல 7 லிட்டர் இந்த எத்தனால், 43 லிட்டர் சாதா இ20 போட்டா இ30 வந்துடும். பார்டர் தாண்டி கேன்ல புடிச்சு டிக்கில வெச்சு வராதீங்க, பங்க்லயே டேங்க்ல போட்டுக்குங்க.

இப்ப சொல்றத நல்லா கேட்டுக்குங்க, ஏன்னா இதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். போன வருஷம் பொள்ளாச்சி பக்கத்துல இருந்து ஒரு தம்பி என் ஷெட்டுக்கு வண்டிய டோ பண்ணிக் கொண்டு வந்தான். வேற ஒரு இடத்துல இ40க்கு மேப் போட்டுக் குடுத்திருக்காங்க, எத்தனால் அளவு பாக்குற சென்சார் வெக்கல, ரெண்டு மாசம் நல்லா ஓடியிருக்கு. ஒரு நாள் எத்தனால் கிடைக்கல, சாதா இ20 ரொப்பிட்டு வாளையார் ரோட்டுல மூணாவது கியர்ல முழுசா மிதிச்சிருக்கான். மேப்புக்கு என்ன தெரியும், அது இ40ன்னு நினைச்சு டைமிங்க முன்னாலயே வெச்சிருக்கு. கழட்டிப் பாத்தா ரெண்டாவது பிஸ்டன்ல ரிங் உக்காருற வரப்பு உடைஞ்சு கையோட வந்துச்சு. பாலக்காட்டுல வசமா மாட்டிக்கிட்டா 'பணி கிட்டி'ம்பாங்களே, அதேதான். அந்தப் பையன் மூஞ்சிய இன்னும் என்னால மறக்க முடியல, கடன் வாங்கி வாங்கின வண்டி அது.

அதனால முதல் செலவு ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் சென்சாருக்கு. ஃப்யூயல் லைன்ல உக்காந்து எத்தனால் எவ்வளவுன்னு ஹெர்ட்ஸ்ல சொல்லும், 50னா எத்தனாலே இல்ல, 150னா முழுக்க எத்தனால், இ30ன்னா 80. அத ஈசியு படிச்சு தானா டைமிங்க கூட்டிக் குறைக்கிற மாதிரி மேப் எழுதறவர்கிட்ட மட்டும் போங்க. அப்புறம் ப்ளக் ஒரு ஸ்டெப் கோல்டா, அதாவது சூட்ட சீக்கிரம் வெளியேத்துறதா, போட்டு கேப்ப கொஞ்சம் குறைங்க. லாக்ல ரயில் பிரஷர், லேம்டா (காத்துக்கும் ஃப்யூயலுக்கும் உள்ள விகிதம்), நாலு சிலிண்டரோட நாக் மூணும் கட்டாயம். டைமிங்க ஒவ்வொரு டிகிரியா ஏத்துங்க, நாக் வரலைன்னாலும் பவர் ஏறலைன்னா அங்கயே நிறுத்துங்க, எத்தனால்ல நாக் லேட்டாத்தான் காட்டிக்குடுக்கும், அதுக்குள்ள பிஸ்டனுக்கும் ராடுக்கும் தேவையில்லாத அழுத்தம் போயிருக்கும். கியர்பாக்ஸையும் மறக்காதீங்க, கம்பெனி குடுத்த 350 என்எம் டார்க்க ஸ்டேஜ் 1லயே தாண்டிட்டீங்க. இழுத்துப் பாக்கணும்னா டைனோ (நின்ன இடத்துலயே பவர் அளக்குற மெஷின்), இல்லன்னா கோயம்புத்தூர் செட்டிபாளையம் ரேஸ் ட்ராக், ஹைவே வேண்டவே வேண்டாம்.

கேள்வி: சென்சார் வாங்க இப்ப காசு இல்ல, டேங்க்ல இருக்குறது எவ்வளவு எத்தனால்னு வீட்டுல பாக்க முடியுமா? கோபாலபுரத்துல இருந்து கேக்கறேன்.

பதில்: முடியுங்க. 100 மில்லி அளவு ஜாடி ஒண்ணு, கெமிஸ்ட்ரி லேப்ல இருக்குமே, அது வாங்குங்க. 10 மில்லி தண்ணி ஊத்தி அது மேல 90 மில்லி ஃப்யூயல் ஊத்தி, மூடி நல்லா குலுக்கி, பத்து நிமிஷம் வைங்க. எத்தனால் பெட்ரோல விட்டுட்டு தண்ணி கூட போயிடும், அடில கோடு மேல ஏறியிருக்கும். கோடு 28ல நின்னா 18 மில்லி எத்தனால், 90ல 18னா இ20. துல்லியம் எல்லாம் எதிர்பாக்காதீங்க, ஆனா இ20யா இ40யான்னு சந்தேகமில்லாம தெரியும். வெளில திறந்த இடத்துல செய்யுங்க, அடுப்பு கிட்ட வேண்டாம்.

கேள்வி: பங்க்ல அலையறதுக்கு பதிலா, தெரிஞ்சவர் ஒருத்தர் ஸ்பிரிட் கேன்ல குடுக்கறேன்னு சொல்றார். வேலந்தாவளம், பேர் போட வேண்டாம்.

பதில்: தொடவே தொடாதீங்க. ஸ்பிரிட் மேல மாநிலத்துக்கு அதிகாரம் உண்டுன்னு 2024 அக்டோபர் 23ல சுப்ரீம் கோர்ட் ஒம்பது நீதிபதிங்க பெஞ்ச், எட்டுக்கு ஒண்ணுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. பெர்மிட் இல்லாம பார்டர்ல கேனோட நின்னா வண்டிக்கு டியூனிங் பண்ணத்தான்னு நீங்க சொல்றத யாரும் கேக்க மாட்டாங்க. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கேன்ல என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? மெத்தனால் கலந்திருந்தா அதுக்கு 6.4 கிலோ காத்துதான், மேப் மொத்தமா தப்பு, அலுமினியத்தையும் அரிக்கும், சென்சாரும் தப்பாத்தான் காட்டும். சுத்தமான ஸ்பிரிட்டா இருந்தாலும் 5 சதவீதம் தண்ணி இருக்கும், பெட்ரோல்ல கலந்தா அது பிரிஞ்சு டேங்க் அடில தங்கிடலாம். இதெல்லாத்துக்கும் மேல, வீட்டுல கேன் இருந்தா யாராவது குடிச்சுட்டா? 2024ல கள்ளக்குறிச்சில 60 பேருக்கு மேல செத்தது மெத்தனாலால. அந்தக் கேன் உங்க வாசலுக்கே வரக்கூடாதுங்க.

கேள்வி: நெல்லியாம்பதில எஸ்டேட் வேலை. எத்தனால் போட்டா காலைல குளிர்ல ஸ்டார்ட் ஆகாதுங்கறாங்களே?

பதில்: இ30 வரைக்கும் கவலை இல்ல. எத்தனால் 13 டிகிரி கிட்ட வந்தாத்தான் தீப்புடிக்கிற அளவுக்கு ஆவி விடும், அதனால இ85க்கு மேல போனா டிசம்பர் காலைல இழுத்துப் புடிக்கும். பிரேசில்ல பெட்ரோல், எத்தனால் ரெண்டுலயும் ஓடுற பழைய ஃப்ளெக்ஸ் காருங்கள்ல ஸ்டார்ட் பண்ணவே பானட்டுக்குள்ள தனியா ஒரு குட்டி பெட்ரோல் டேங்க் வெச்சிருந்தாங்க. உங்களுக்கு அந்த அளவுக்கு வேண்டியதில்ல, ஸ்டார்ட்டிங் அப்போ ஊத்துற அளவ மட்டும் மேப்ல கூட்டச் சொல்லுங்க. குளிர்ல ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துறவரா இருந்தா ஆயில்ல எத்தனாலும் தண்ணியும் சேரும், 10,000 கிலோமீட்டர்னு காத்திருக்காம 5,000லயே ஆயில் மாத்திடுங்க.