நின்றால் போய்விடும் தாடை வலி: இதயத்தைப் பார்க்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 54. பத்து வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரண்டு மாதமாக வேகமாக நடந்தாலோ மாடிப்படி ஏறினாலோ கீழ்த்தாடையில் ஓர் இறுக்கம் வருகிறது. நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது. நெஞ்சு வலி கிடையாது. பல் மருத்துவர் பற்களில் குறையில்லை என்றார். இ.சி.ஜி.யும் நார்மல். வாயுத் தொல்லையாக இருக்கும் என்று மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்கு மேலும் பரிசோதனை தேவையா?

பதில்: தேவை. இந்த வாரத்துக்குள் இதய மருத்துவர் ஒருவரைப் பாருங்கள்.

'நின்றால் போய்விடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் என் கண் நின்றது. பல்வலி படி ஏறுவதைப் பார்த்து வராது. வாயுவும் நீங்கள் நின்றதும் சொல்லிவைத்தாற்போல் அடங்காது. உழைப்பில் வந்து ஓய்வில் போகிற தொந்தரவு தாடை, தொண்டை, தோள், கை, மேல்முதுகு, மேல்வயிறு என எங்கே வந்தாலும், இதயம் இல்லை என்று உறுதியாகும்வரை அதை இதயக் கணக்கில்தான் வைக்க வேண்டும். 1768இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இந்த இதய நோயை விவரித்தபோதே, நடக்கும்போது, அதிலும் மேடேறும்போதும் சாப்பிட்ட கையோடு நடக்கும்போதும் வருகிறது, அசையாமல் நின்றால் மறைகிறது என்று சொல்லிவிட்டார். இ.சி.ஜி. பிறக்க இன்னும் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. நோயாளிகள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டே கண்டுபிடித்தார்.

இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் 70 சதவீத அளவுக்குச் சுருங்கியிருந்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நடந்தால் தசை கூடுதல் ரத்தம் கேட்கும். சுருங்கிய குழாயால் அதைக் கொடுக்க முடியாது. அப்போதுதான் இறுக்கம் வருகிறது. இதயத்திலிருந்து வரும் வலிச் செய்தியும் கை, தாடைப் பக்கத்துச் செய்தியும் மூளைக்குப் போகும் வழியில் கலந்துவிடுவதால், வலி எங்கே பிறந்தது என்று மூளைக்குப் பிரித்துத் தெரிவதில்லை. உங்கள் இ.சி.ஜி. படுக்கவைத்து எடுத்தது. அந்தச் சில நொடிகளில் இதயம் எப்படி இருந்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும். அதை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

இன்னொன்று, சர்க்கரை நோய் பல வருடம் இருந்தால் இதயத்தின் வலி நரம்புகளே மந்தமாகிவிடலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வலியே இல்லாமல், மூச்சு வாங்குவது மட்டும் அறிகுறியாக இருப்பதுண்டு. பெண்களிடமும் முதியவர்களிடமும் இது அதிகம் தவறிப்போகிறது. பழகிய வேலையைச் செய்யவே முன்பில்லாத அசதி வருகிறது, படி ஏறினால் மூச்சு இரைக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், 'வேலை ஜாஸ்தி, டென்ஷன்' என்று சுற்றியிருப்பவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

"நெஞ்சு வலிக்கிறதா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள், அதுவும் உண்மைதான். அவர்களுக்கு இருப்பது பாரம், அழுத்தம், எரிச்சல். முஷ்டியை மடக்கி நடு நெஞ்சில் வைத்துக் காட்டுவார்கள். ஒரு விரலால் தொட்டு 'இங்கேதான்' என்று காட்டும் வலியும், அழுத்தினால் கூடும் வலியும், ஒரு நொடி சுருக்கென்று குத்தி மறையும் வலியும் பெரும்பாலும் இதயத்திலிருந்து வருவதில்லை.

ஒருமுறை ஒருவருடைய மனைவி என்னிடம் சொன்னார்: "இப்பெல்லாம் நடக்கும்போது அடிக்கடி நின்று செல்போனைப் பார்க்கிறார், டாக்டர்." விசாரித்தால், போனில் ஒன்றும் வந்திருக்காது. நெஞ்சின் இறுக்கம் அடங்கும்வரை நிற்க அது ஒரு சாக்கு. அவருக்கே அது புரிந்திருக்கவில்லை. வயதாகிவிட்டது என்று நினைத்து வேகத்தையும் தூரத்தையும் குறைத்துக்கொண்டே வந்திருந்தார். நடை குறைந்தால் இறுக்கமும் குறையும், குணமாகிவிட்டதுபோல் தோன்றும். அதனால்தான் 'ஆறு மாதத்துக்கு முன்னால் நிற்காமல் எவ்வளவு தூரம் நடந்தீர்கள்?' என்று எல்லாரிடமும் கேட்கிறேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

இதயத்தின் பம்ப் வேலை தளரும்போது அறிகுறிகள் வேறு மாதிரி இருக்கும். படுத்தால் மூச்சு முட்டி ஒரு தலையணை இரண்டாகும், நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார வேண்டியிருக்கும், படுத்தாலே வறட்டு இருமல் வரும். சாயங்காலம் காலுறையைக் கழற்றியதும் ஆழமான தடம் தெரிந்தால், கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் பத்து நொடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கால் வீக்கத்துக்குச் சிறுநீரகம், சிரை என்று வேறு காரணங்களும் உண்டு. இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினால் அது நீர் தேங்குவதாக இருக்கலாம். ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடு இதயத் தொந்தரவுக்குச் சில வருடம் முன்னாலேயே வரக்கூடும். அங்கே உள்ள ரத்தக்குழாய்கள் இன்னும் மெல்லியவை, முதலில் பாதிக்கப்படுகின்றன. இதை மட்டும் வெட்கப்பட்டு மறைத்துவிடாதீர்கள்.

சரி, மருத்துவரிடம் போகும்போது இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை படி ஏறினால் வருகிறது, எத்தனை நிமிடத்தில் போகிறது, இரண்டு மாதத்தில் கூடியிருக்கிறதா, கூடவே வியர்க்கிறதா. அதைப் பார்த்துவிட்டு எக்கோ (இதயத்தின் ஸ்கேன்), டிரெட்மில் (நடக்கவைத்து எடுக்கும் இ.சி.ஜி.), சி.டி. ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) ஆகியவற்றில் எது வேண்டும் என்று அவர் முடிவு செய்வார். அதுவரை வேகமாக நடப்பதையும் கனமான பொருள் தூக்குவதையும் நிறுத்திவையுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தாதீர்கள்.

இறுக்கம் சும்மா இருக்கும்போதே வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த வேலைக்கே வந்தாலோ அப்பாயின்ட்மென்ட் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் அடங்காமல் நீடித்தால், அல்லது குளிர்ந்த வியர்வை, வாந்தி, மயக்கம் சேர்ந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, சாய்ந்து உட்காருங்கள்.