வாசகர் கேள்வி – பதில்: ஊர்க்காரர்களின் பேண்டு

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஆலன்டவுன் நகரில் ஒரு பேண்டு 1828ஆம் ஆண்டிலிருந்து வாசித்துவருகிறது என்று போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழின் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் பேண்டு என்றால் கல்யாண ஊர்வலத்தில் வாசிப்பவர்கள்தான். நீங்கள் எழுதிய 'கச்சேரி பேண்டு' என்பது என்ன? (வாசகர், விருதுநகர்)

பதில்: இரண்டும் ஒரே குடும்பம்தான். ஊர்வல பேண்டு நடந்துகொண்டே வாசிக்கும். கச்சேரி பேண்டு உட்கார்ந்து வாசிக்கும். உட்கார்ந்துவிட்டால் சுமக்க முடியாத வாத்தியங்களையும் சேர்த்துக்கொள்ளலாம், நீண்ட உருப்படிகளையும் எடுத்துக்கொள்ளலாம். மேலைநாட்டு இசைக்குழுவில் வயலின்கள் இருக்கும் இடத்தில் இங்கே கிளாரினெட்டுகள் வரிசையாக அமர்ந்திருக்கும். அவற்றோடு புல்லாங்குழல், ஓபோ, சாக்ஸபோன், கார்னெட், டிராம்போன், யூபோனியம், டியூபா ஆகிய ஊதுகுழல்களும் முரசுகளும் சேரும். தந்தி வாத்தியம் அநேகமாக இராது. திறந்தவெளிப் பூங்காவில் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டுமென்றால் பித்தளைக் குழலும், நாணல் நாக்கு (ரீடு) பொருத்திய குழலும்தான் உதவும் என்பது இதன் எளிய காரணம்.

'சமூக பேண்டு' என்று சொல்லும்போது இன்னொரு பொருள் கூடுகிறது. அதில் வாசிப்பவர்களுக்குப் பிழைப்பு வேறு. ஆசிரியர், எழுத்தர், ஆலைத் தொழிலாளி, ஓய்வுபெற்றவர் என்று பலரும் வாரத்தில் ஒரு மாலை கூடி ஒத்திகை பார்த்து, கோடைக்காலத்தில் ஊர்ப் பூங்காவில் வாசிக்கிறார்கள். சில பேண்டுகளில் சில நிகழ்ச்சிகளுக்குச் சிறு தொகை கிடைக்கலாம். அதை நம்பி யாரும் அடுப்பு மூட்டுவதில்லை.

கேள்வி: இசைக் கல்லூரி வாசலை மிதிக்காத தொழிலாளர்கள் இத்தனை பேர் எப்படி வாத்தியம் கற்றுக்கொண்டார்கள்? (வாசகர், திருச்சி)

பதில்: பாதிப் பதில் வாத்தியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பித்தளைக் குழல்களில் எல்லாச் சுரங்களையும் எழுப்புவது கடினமான வித்தையாக இருந்தது. அதன்பின், விரலால் அழுத்திச் சுரத்தை மாற்ற உதவும் வால்வுகள் வந்தன. 1840களில் அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் (சாக்ஸபோன் இவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது) சிறியதிலிருந்து மிகப்பெரியதுவரை ஒரே சாயலில் அமைந்த குழல் வரிசை ஒன்றை உருவாக்கினார். அவை சாக்ஸ்ஹார்ன்கள் எனப்பட்டன. அளவு மாறினாலும் விரல் வைக்கும் முறை மாறாது என்பதுதான் அவற்றின் சிறப்பு. மேல் ஸ்தாயி வாசித்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டால், நடு ஸ்தாயி வாசித்தவர் சில நாள் பழகி அந்த இடத்தில் உட்கார்ந்துவிடலாம். ஆட்கள் வந்தும் போயும் கொண்டிருக்கும் ஒரு தன்னார்வக் குழுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மறுபாதி, இருபதாம் நூற்றாண்டுக் கதை. பள்ளிகளுக்கான முதல் தேசிய பேண்டு போட்டி 1923இல் சிகாகோவில் நடந்தது; அதையொட்டிய ஆண்டுகளில் அமெரிக்கப் பள்ளிகளில் பேண்டு ஒரு பாடமாகவே வேரூன்றியது. பள்ளியில் கிளாரினெட் வாசித்த லட்சக்கணக்கானவர்களில் மிகச் சிலரே இசையைத் தொழிலாகக் கொண்டார்கள். மற்றவர்களின் வாத்தியம் பெட்டிக்குள் போனது. அந்தப் பெட்டியை மறுபடி திறக்கவைக்கும் இடம்தான் ஊர் பேண்டு.

கேள்வி: ஆலன்டவுன் பேண்டுதான் அமெரிக்காவிலேயே பழமையானதா? வர்ஜீனியாவிலும் ஒன்று அப்படிச் சொல்லிக்கொள்கிறதாமே? (வாசகர், மதுரை)

பதில்: நல்ல கேள்வி. இரண்டு பேண்டுகளும் பொய் சொல்லவில்லை. அடைமொழிகளைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஆலன்டவுன் பேண்டு 1828 ஜூலை 4ஆம் நாள், அதாவது அமெரிக்கச் சுதந்திர நாளன்று, வாசித்ததற்குச் சான்று உண்டு. அதைக்கொண்டு நாட்டின் மிகப் பழமையான, படைசாராத கச்சேரி பேண்டு என்று அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. வர்ஜீனியாவின் ஸ்டான்டன் நகரத்து ஸ்டோன்வால் பிரிகேட் பேண்டு 1855இல் பிறந்தது. இடையறாமல் இயங்கிவருவதும் உள்ளூராட்சியின் ஆதரவைப் பெற்றதுமான பேண்டுகளில் பழமையானது என்பது அதன் உரிமைகோரல். 'இடையறாமல்' என்ற சொல்லில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது.

ஸ்டான்டன் கதையைச் சற்று விரித்துச் சொல்லலாம். தொடங்கியபோது அதன் பெயர் மவுண்டன் சாக்ஸ்ஹார்ன் பேண்டு. மேலே சொன்ன அதே சாக்ஸ்ஹார்ன்தான். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படையில் இந்த பேண்டுக்காரர்கள் சேர்ந்தார்கள். தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் படைப்பிரிவோடு இருந்ததால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. 1865இல் தென்படை சரணடைந்தபோது, வென்ற தளபதி கிராண்ட் இவர்களை வாத்தியங்களோடு வீடு திரும்ப அனுமதித்தார் என்று ஸ்டான்டன் ஊரார் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அந்த நன்றிக்காகவோ என்னவோ, பின்னாளில் குடியரசுத் தலைவராகவும் இருந்த கிராண்ட் 1885இல் காலமானபோது, நியூயார்க்கில் நடந்த இறுதி ஊர்வலத்தில் எதிரணியின் இந்த பேண்டும் வாசித்தது. ஒரு பக்கம் மனத்தை நெகிழவைக்கும் நிகழ்ச்சிதான். ஆனால் அந்தப் பெயரில் இருக்கும் போர் எதற்காக நடந்தது என்பதை மறந்துவிட்டு நெகிழ என்னால் முடியவில்லை.

கேள்வி: சம்பளம் இல்லாமல் ஒரு சங்கம் ஐந்து ஆண்டு தாக்குப்பிடிப்பதே பெரும்பாடு. தெருவுக்குத் தெரு சங்கம் உடைவதைப் பார்த்தவன் நான். ஆலன்டவுனில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் எப்படிச் சாத்தியமாயிற்று? யார் தலைமை தாங்கினார்கள்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்கிறேன். கோலைப் பிடித்து இசையை நடத்துபவரை 'நடத்துநர்' என்றால் நம்மவர்களுக்குப் பேருந்தும் பயணச்சீட்டும் நினைவுக்கு வரும். ஆகவே 'இசை நடத்துநர்' என்றே எழுதுகிறேன்.

ஆலன்டவுன் பேண்டின் வரலாற்றில் என்னை வியக்கவைப்பது அதன் வயதைவிட அதன் இசை நடத்துநர்கள் அந்தப் பொறுப்பில் இருந்த காலம். ஆல்பர்டஸ் மேயர்ஸ் 1926 முதல் 1976 வரை ஐம்பது ஆண்டுகள் அதை நடத்தினார். அவர் கார்னெட் கலைஞர். அக்காலத்தில் நாடே அறிந்த தொழில்முறைக் குழுவான ஜான் பிலிப் சூசாவின் பேண்டில் வாசித்தவர். பெருங்குழுவில் கற்ற ஒழுங்கை ஊர் பேண்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் உண்மை இருவழிப் பாதை. ஆலன்டவுன் பேண்டிலிருந்து சூசாவின் குழுவுக்குப் போனவர் இவர் ஒருவர் மட்டுமல்லர். அந்த ஊரின் எட்டாம் தெருவில் 1913இல் திறக்கப்பட்ட நெடும் பாலத்துக்கு 1974இல் மேயர்ஸின் பெயரைச் சூட்டினார்கள். பாலத்துக்கு அரசியல்வாதியின் பெயரை வைப்பது உலக வழக்கம். பேண்டு வாத்தியாரின் பெயரை வைத்த ஊரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. மேயர்ஸுக்குப் பின் 1977இல் ரொனால்ட் டெம்கி பொறுப்பேற்று, அவரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தார். அவரும் வெளியிலிருந்து அழைத்துவரப்பட்டவர் அல்லர். அதே பேண்டில் டியூபா வாசித்தவர். ஒரு நூற்றாண்டின் பெரும்பகுதியை இரண்டே பேர் சுமந்திருக்கிறார்கள்.

இதற்கு மண்ணும் உதவியது. அந்தப் பகுதியில் குடியேறியவர்கள் பெரும்பாலும் ஜெர்மானிய வழியினர். பக்கத்து ஊரான பெத்லஹேமில் மொராவியன் திருச்சபையார் 1754 முதலே டிராம்போன் குழு ஒன்றை வைத்திருந்தார்கள். பட்டு ஆலைகளும் மேக் சரக்குந்துத் தொழிற்சாலையும் வந்தபின் ஆலன்டவுன் தொழிலாளர் நகரமாகியும் குழல் ஊதும் பழக்கம் விட்டுப்போகவில்லை. ஒரே நகரில் ஒன்றுக்கு மேற்பட்ட பேண்டுகள் இன்றும் வெஸ்ட் பார்க் என்ற பூங்காவின் மேடையில் கோடைதோறும் வாசிக்கின்றன. போட்டி இருக்கிற ஊரில் சோம்பல் குறைவு.

ஆனால் தாங்கள் கேட்ட 'உடையாமல் இருப்பது எப்படி' என்பதற்கு இசை நடத்துநர் மட்டும் பதிலாக மாட்டார். இத்தகைய பேண்டுகளில் அதிகாரம் வழக்கமாக இரண்டாகப் பிரிந்திருக்கும். என்ன வாசிப்பது, யார் எந்த இருக்கையில் அமர்வது, எப்படி வாசிப்பது என்பவை இசை நடத்துநரின் முடிவு. பணம், ஒத்திகை இடம், நிகழ்ச்சி ஒப்பந்தம், சீருடை, ஏன், இசை நடத்துநரையே நியமிப்பதும்கூட, உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவின் வேலை. கோல் பிடித்தவரே கணக்குப் புத்தகத்தையும் பிடித்தால் அந்தக் குழு அவர் ஆயுளோடு முடிந்துவிடும்.

எவரும் கைதட்டாத ஒரு பதவியும் உண்டு: இசைக்குறிப்பு நூலகர். ஓர் உருப்படிக்கு ஐம்பது அறுபது தனித்தனித் தாள்கள் இருக்கும். மூன்றாம் கிளாரினெட்டுக்கான தாள் ஒன்று தொலைந்தால் அந்தப் பகுதியே ஊமையாகிவிடும். நிகழ்ச்சிக்கு முன் தாள்களை அடுக்கி, உறைகளில் இட்டு, முடிந்தபின் எண்ணி வாங்கி, கிழிந்ததை ஒட்டிவைப்பவர் அவர்தான். என்னைக் கேட்டால், தலைவர் பதவிக்கு ஆள் தேடுவதைவிட இந்தப் பதவிக்கு ஆள் தேடுவதில்தான் ஒரு குழுவின் ஆயுள் இருக்கிறது.

நீண்ட தலைமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஐம்பது ஆண்டு ஒருவரே நடத்தினால் அவருக்குப் பிடித்த உருப்படிகளே குழுவின் உருப்படிகளாகிவிடும். அவர் கைக்குப் பழகிய உறுப்பினர்கள் புதியவரின் கைக்கு எளிதில் இணங்கமாட்டார்கள். பல ஊர்களில் பேண்டு சிதைந்தது பெரியவரின் காலத்தில் அல்ல, அவருக்கு அடுத்த இரண்டாம் ஆண்டில்தான். வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை முன்கூட்டியே துணை இசை நடத்துநராகப் பழக்கிவைக்கும் குழுக்கள் இந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடுகின்றன.

கேள்வி: செலவுக்கு என்ன செய்கிறார்கள்? (வாசகி, சேலம்)

பதில்: உறுப்பினர் சந்தா, நன்கொடை, ஊராட்சியின் உதவி, பள்ளிகள் இரவலாகத் தரும் ஒத்திகைக் கூடம் என்று பல சிறு ஓடைகள். இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிந்துகொண்டால் வரிவிலக்கும் கிடைக்கும். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அயோவா மாநிலத்தின் வழி. அங்கே 1921இல் 'பேண்டுச் சட்டம்' என்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். ஊர் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால், பேண்டுக்காகவே சொத்து மதிப்பில் ஆயிரத்துக்கு இரண்டு வரையில் வரி விதிக்கலாம் என்றது அன்றைய சட்டம். அம்மாநிலத்து ஃபோர்ட் டாட்ஜ் நகர பேண்டை 1920 முதல் தம் மறைவுவரை, அதாவது 1971 வரை, நடத்திய கார்ல் கிங் என்பவர் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ஓர் அணிவகுப்பு இசையை எழுதிவிட்டார். வரிச் சட்டத்துக்கு மகிழ்ந்து மெட்டு அமைத்தவர் உலகில் அநேகமாக அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கேள்வி: தஞ்சையிலும் அந்தக் காலத்தில் பேண்டு இருந்ததாகக் கேள்வி. தொடர்பு உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஆலன்டவுன்காரர்கள் 1828இல் வாசித்தபோது தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் உயிரோடு இருந்தார், அவருடைய அரண்மனையில் மேலைநாட்டு முறை பேண்டும் இருந்தது. காலம் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. அரண்மனை பேண்டு மன்னரின் செலவில் நடந்தது. மன்னராட்சி முடிந்தால் அதுவும் முடியும். ஆனாலும் பேண்டு வாத்தியமான கிளாரினெட் நம்மிடம் நிலைத்துவிட்டது. சின்ன மேளத்தில் நாட்டியத்துக்குப் பின்னணியாக நெடுங்காலம் ஒலித்து, பிற்பாடு ஏ.கே.சி. நடராஜன் அவர்கள் கையில் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்ந்தது.

கேள்வி: அறுபது வயதுக்கு மேல் ஒருவர் புதிதாகச் சேர முடியுமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: தாராளமாக. வாத்தியத்தைத் தொட்டே பாராத முதியவர்களுக்காக 1991இல் நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டர் நகரின் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் ராய் எர்ன்ஸ்ட் என்ற பேராசிரியர் 'நியூ ஹொரைசன்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். அது பிறகு பல நகரங்களுக்குப் பரவியது. மூச்சுக்கும் விரலுக்கும் பயிற்சி, வாரம் ஒருமுறை பத்துப் பேரோடு பேச்சு, மருத்துவரும் மறுக்கமாட்டார். அக்கம்பக்கத்தார் வேண்டுமானால் முதல் ஆறு மாதம் மறுக்கலாம்.

கேள்வி: புகழ்பெற்ற சூசா ஓர் ஊர் பேண்டோடு ஒத்திகை பார்த்த அன்றே இறந்தார் என்பது உண்மையா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஏறத்தாழ உண்மைதான். ஆலன்டவுனுக்கு அருகிலுள்ள ரெடிங் நகரில் ரிங்கோல்ட் பேண்டு என்ற ஊர் பேண்டு 1852இல் தொடங்கப்பட்டது. அதன் எண்பதாம் ஆண்டு விழாவில் சிறப்பு இசை நடத்துநராக இருக்க, எழுபத்தேழு வயதான சூசா 1932 மார்ச் மாதம் ரெடிங்குக்கு வந்தார். கிராமபோன் வந்தால் வீட்டிலும் ஊரிலும் தாமே வாசிப்பவர்கள் அற்றுப்போவார்கள் என்று 1906இலேயே எழுதி எச்சரித்தவர் அவர். மார்ச் 5ஆம் நாள் ஒத்திகையில் அவர் கடைசியாக நடத்தியது, தாமே 1896இல் இயற்றிய 'தி ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்'. அன்று இரவு உணவுக்குப் பின் விடுதி அறைக்குத் திரும்பியவர், மறுநாள் விடிவதற்குள் காலமானார். ரிங்கோல்ட் பேண்டு இன்றும் ரெடிங்கில் வாசித்துக்கொண்டிருக்கிறது.