மெஷின் சரி என்கிறது, அசதி ஏன் போகவில்லை? – கேள்வி பதில்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவுக்கு, மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் மெஷின் வைத்தும் அசதி தீராதவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் தூக்க ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். ஒன்பது வருடமாக நானும் மாஸ்க் போட்டுத்தான் தூங்குகிறேன். மருத்துவர் இல்லை, மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

கேள்வி: சார், எட்டு மாதமாக ஏ.ஹெச்.ஐ 2-ஐத் தாண்டியதில்லை. தினமும் ஏழு மணி நேரம் போடுகிறேன். ஆனாலும் காலையில் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் அனுப்பிவிடுகிறார்.

பதில்: ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதுதான் ஏ.ஹெச்.ஐ. 5-க்குக் கீழே இருந்தால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் தூங்கினீர்களா என்பது மெஷினுக்குத் தெரியவே தெரியாது. மாஸ்க் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்த நேரமும் அதன் கணக்கில் சேரும். அது ஏழு என்று காட்டும் இரவில் நீங்கள் தூங்கியது ஐந்தாக இருக்கலாம். எனவே இரண்டு வாரம் படுத்தது, தூங்கியது, விழித்தது எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இன்னொன்று: உங்களுக்கு இருப்பது தூக்கக் கலக்கமா, உடல் சோர்வா? உட்கார்ந்தால் கண் சொருகுவது வேறு. படுத்தாலும் தூக்கம் வராமல் உடம்பு கனப்பது வேறு. எப்வர்த் அளவுகோல் என்று 8 கேள்விகள் உண்டு, மொத்தம் 24 மதிப்பெண். 10-ஐத் தாண்டினால் பகல் தூக்கக் கலக்கம் அதிகம் என்று அர்த்தம். மதிப்பெண் குறைவாக இருந்தும் சோர்வு இருந்தால் தைராய்டு, ரத்தசோகை, பி12, சர்க்கரை, மனச்சோர்வு இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆப்னியா இருக்கிறது என்பதற்காக மற்ற நோய்கள் வராமல் இருக்காது.

கேள்வி: அண்ணா, எனக்குத் தூங்கும் நேரமே நிலையில்லை. ஒரு நாள் இரவு 11, மறுநாள் 3. விடுமுறையில் மதியம் வரை தூங்கிவிடுகிறேன். மெஷின் போட்டால் இது தானாகச் சரியாகாதா?

பதில்: ஆகாது தம்பி. வந்த கேள்விகளில் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்று 1982-இல் போர்பெலி என்ற ஆய்வாளர் விளக்கினார். விழித்திருக்க விழித்திருக்க ஏறும் தூக்கப் பசி ஒன்று. உடலின் உள்கடிகாரம் மற்றொன்று. மெஷின் இரண்டையும் தொடுவதில்லை.

படுக்கும் நேரத்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள், அது கைக்கு வராது. எழும் நேரத்தைப் பிடியுங்கள். இரவு எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும், விடுமுறையானாலும், ஒரே நேரம். எழுந்ததும் அரை மணி நேரம் வெளிவெளிச்சத்தில் இருங்கள். உள்கடிகாரத்தைச் சீக்கிர நேரத்துக்கு நகர்த்துவது அந்த வெளிச்சம்தான். பகலில் தூங்கியே ஆகவேண்டுமென்றால் மதியம் 3 மணிக்கு முன்னால், 20 நிமிடம், மாஸ்க்கோடு. காப்பியில் உள்ள காஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும், மதியத்தோடு நிறுத்துங்கள். முதல் வாரம் முன்பைவிட மோசமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தூக்கம் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனாலோ, 3 மணிக்கு முன்னால் வரவே மறுத்தாலோ அது உள்கடிகாரக் கோளாறாக இருக்கலாம். தூக்க மருத்துவரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

கேள்வி: என் கணவர் நடுராத்திரியில் தன்னை அறியாமல் மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார். ஏ.ஹெச்.ஐ 1.5 தானே, பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று விடாதீர்கள் அம்மா. கழற்றிய பிறகு நின்ற மூச்சு எதுவும் அந்த 1.5-இல் இல்லை. கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம்; பலருக்கு ஆப்னியா முற்றுவதும் அப்போதுதான். காற்றுக் கசிவு, மூக்கடைப்பு, அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: படுத்தால் கால் குறுகுறுக்கிறது, ஆட்டினால்தான் நிம்மதி.

பதில்: ஓய்வற்ற கால் நோய் போலத் தெரிகிறது. உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யுங்கள். ‘நார்மல்’ என்று வந்தாலும் எண்ணைப் பாருங்கள். 75-க்குக் கீழே இருந்தால் இந்த நோய்க்கு இரும்புச்சத்து கொடுப்பதுண்டு. அலர்ஜி மாத்திரைகள் சில இதைக் கூட்டும், பகலிலும் மந்தமாக்கும். சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

கேள்வி: எல்லாம் ஒழுங்காகச் செய்கிறேன் ஐயா. தூக்கம் போதுமான அளவு இருக்கிறது, ரத்தப் பரிசோதனையும் சரி. நேற்று வண்டி ஓட்டும்போது கண் மூடிவிட்டது.

பதில்: இன்றிலிருந்து ஓட்டாதீர்கள், டாக்டர் சரி என்று சொல்லும்வரை. மாஸ்க்கோடு ஓர் இரவு ஆய்வு, மறுநாள் பகல் தூக்கப் பரிசோதனை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பகலில் பல தடவை படுக்கவைத்து எத்தனை நிமிடத்தில் தூங்குகிறீர்கள் என்று அளப்பார்கள். சராசரி 8 நிமிடம் அல்லது அதற்குக் கீழே வந்தால் நார்கோலெப்சி (பகலில் அடக்கமுடியாமல் தூக்கம் வரும் நோய்) போன்றவற்றையும் யோசிப்பார்கள். ஆப்னியா அடங்கியும் கலக்கம் மிஞ்சுபவர்களுக்கு விழித்திருக்க உதவும் மோடாஃபினில் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அதைச் சாப்பிட்டாலும் மாஸ்க்கை விடக்கூடாது. உங்களை வேறு யாராவது அழைத்துப் போகட்டும், இந்த வாரமே போய்விடுங்கள்.