காற்றை ஊதினால் குதிரைத்திறன் கூடுமா? மின் சூப்பர்சார்ஜர் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு) நடுவே பொருத்தும் 12 வோல்ட் மின்விசிறியை ‘எலெக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்’ என்று விற்கிறார்கள். மாட்டினால் பிக்கப் கூடுமா?

பதில்: கூடப்போவதில்லை. சூப்பர்சார்ஜர் என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் கூடுதலாகத் திணிக்கும் கம்ப்ரஸர். இந்த விசிறியால் அது ஏன் முடியாது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நிமிடத்துக்கு 3,000 முறை தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. சிலிண்டர்கள் 90 சதவீதம் நிரம்புவதாக வைத்துக்கொண்டால் நொடிக்கு 54 லிட்டர். எடையில் சுமார் 65 கிராம். இந்த ஓட்டத்தை வெளிக்காற்றைவிட 0.4 பார் கூடுதல் அழுத்தத்தோடு தள்ள, நல்ல கம்ப்ரஸருக்கே 4 கிலோவாட் வேண்டும். மோட்டாரிலும் கன்ட்ரோலரிலும் வீணாவதைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 5 கிலோவாட் எடுக்கும். 12 வோல்ட்டில் அது 400 ஆம்பியர்.

விற்பனைக்கு வரும் விசிறியோ 30 ஆம்பியர் ஃப்யூஸில் ஓடுவது. அதிகபட்சம் 360 வாட். அதில் 40 சதவீதம் காற்றைச் சேர்ந்தாலும் கிடைக்கிற அழுத்தம் 0.03 பாரைத் தொடாது. அந்த விசிறி இதழ்களின் அமைப்புக்கு அதுவும் மிகையான மதிப்பீடுதான். எஞ்சின் கேட்கும் அளவுக்கு விசிறியால் தள்ள முடியாதபோது, அது குழாய்க்குள் நிற்கும் தடையாக மாறி, இருக்கிற பவரையும் கொஞ்சம் தின்னும்.

வாங்கிவிட்டவர்கள், காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, இன்டேக் (எஞ்சினுக்குள் காற்று போகும் வழி) அழுத்தம் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தருகே 100 கிலோபாஸ்கல் வாக்கில் இருக்கும். பிறகு ஆளில்லாத சாலையில் மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, பக்கத்தில் இருப்பவரை அதே எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். குறித்துவைத்த எண்ணைத் தாண்டினால்தான் பூஸ்ட், அதாவது கூடுதல் அழுத்தம். 95, 97 என்று நின்றால் விசிறியால் பயனில்லை, கழற்றிவிடுங்கள்.

கேள்வி: விசிறியோடு ‘பவர் சிப்’ ஒன்றும் தந்தார்கள். இன்டேக் வெப்ப சென்சாரில் இணைக்கச் சொல்கிறார்கள்.

பதில்: இணைக்காதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு ரெசிஸ்டர். காற்று குளிர்ந்திருப்பதாக, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை நம்பவைத்து அதிகப் பெட்ரோல் ஊற்றவைப்பதே அதன் வேலை. சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் அதைத் திருத்திவிடும். முழு த்ராட்டிலில் மைலேஜ் போகும். ஸ்பார்க் விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கும் தவறான வெப்பநிலையை வைத்தே கணக்கிடப்படும்.

கேள்வி: அப்படியென்றால் கார் கம்பெனிகளே மின் கம்ப்ரஸர் வைக்கிறார்களே?

பதில்: வைக்கிறார்கள், ஆனால் 48 வோல்ட்டில். 2016இல் வந்த ஆடி எஸ்க்யூ7 டீசலில் 7 கிலோவாட் மின் கம்ப்ரஸர் இருக்கிறது. கால் நொடிக்குள் 70,000 ஆர்பிஎம்மை எட்டும். அதற்கென்றே தனி லித்தியம் பேட்டரியும் உண்டு. கவனிக்க வேண்டியது அதன் வேலை என்ன என்பதை. அந்த வி8 எஞ்சினின் முழு பவரைத் தருபவை, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தும் இரண்டு டர்போக்கள். புகைவேகம் போதாத குறைந்த ஆர்பிஎம்மில் டர்போ விழித்துக்கொள்ளும்வரை உள்ள இடைவெளியை மட்டும் மின் கம்ப்ரஸர் நிரப்புகிறது. சில நொடி வேலை. மின்சாரம் அதற்குத் தாங்கும். மெர்சிடிஸின் ஆறு சிலிண்டர் எம்256 எஞ்சினிலும் இதே ஏற்பாடுதான்.

கேள்வி: டர்போ இல்லாத பெட்ரோல் காரில் 48 வோல்ட், 5 கிலோவாட் கிட் போட நினைக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: இது உண்மையான கம்ப்ரஸர், உண்மையான பூஸ்ட் தரும். 0.4 பாரும், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் நல்ல இன்டர்கூலரும் கிடைத்தால் பவர் 30 சதவீதம் வரை கூடலாம். எஞ்சின் தாங்குமா என்பதுதான் கேள்வி.

முதலில் பெட்ரோல். காற்று கூடினால் அதே அளவில் பெட்ரோலும் கூட வேண்டும். பழைய இன்டேக் அழுத்த சென்சார் 105 முதல் 115 கிலோபாஸ்கல் வரைதான் அளக்கும். அதற்கு மேல் ஈசியூவுக்குக் கண் தெரியாது. 2 அல்லது 2.5 பார் வரை அளக்கும் சென்சார் போட்டு, ஈசியூவை ரீமேப் செய்தாக (அதன் நிரலை மாற்றியமைத்தாக) வேண்டும். பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பெரிய இன்ஜெக்டர் தேவை. காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்து, பூஸ்ட் நேரத்தில் கலவை 12 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற அளவிலோ அதைவிடச் சற்றுச் செறிவாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். கலவை மெலிந்தால் நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) வரும், பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலான பகுதி உடையும். இப்படி எஞ்சின் போவதே அதிகம்.

அடுத்து வெப்பம். 35 டிகிரியில் நுழையும் காற்று 0.4 பாருக்கு அழுத்தப்பட்டால் 80 டிகிரியைத் தாண்டி வெளியேறும். இன்டர்கூலர் இல்லாமல் போடவே கூடாது. கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டர் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) 10.5க்கு மேல் இருந்தால் 0.2 பாரில் தொடங்கி, டைமிங்கைப் பின்தள்ளி, உயர் ஆக்டேன் பெட்ரோலையே ஊற்றுங்கள். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்.

கம்ப்ரஸருக்குப் பக்கவாட்டில் ஒருவழி பைபாஸ் வால்வு கட்டாயம். மோட்டார் ஓடாத நேரத்தில் எஞ்சின் அதன் வழியாகத்தான் மூச்சு விடும். எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் புகையை இன்டேக்குக்கு அனுப்பும் குழாயின் பிசிவி வால்வு பூஸ்டை எதிர்த்து மூடுகிறதா என்று பாருங்கள். மூடாவிட்டால் அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் புகுந்து ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும்.

வயரிங்: 48 வோல்ட்டில் 105 ஆம்பியர் என்றால் 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போதும். இதையே 12 வோல்ட்டில் செய்ய முயன்றால் 70 சதுர மில்லிமீட்டருக்கும் மேல் வேண்டும். பேட்டரி மின்னழுத்தம் சரிந்து ஈசியூவே அணைந்து எழும். ஃப்யூஸை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள்.

பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. 16 வோல்ட், 58 ஃபாரட் தொகுதி 10 வோல்ட்டுக்கு இறங்கும்வரை தருவது சுமார் 4,500 ஜூல். 5 கிலோவாட் மோட்டாருக்கு அது ஒரு நொடிகூட வராது.

கேள்வி: மலைப்பாதையில் ஏறும்போது இது உதவுமா?

பதில்: 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், அங்கே பூஸ்டின் தேவை உண்மையானது. ஆனால் பத்து நொடி பூஸ்டுக்கு 14 வாட்-மணி செலவாகும். 300 வாட் சார்ஜர் அதைத் திருப்பி நிரப்ப மூன்று நிமிடம் ஆகும். ஏற்றமோ நிமிடக்கணக்கில் நீளும். ஆல்டர்னேட்டரே நேராக ஓட்டட்டும் என்றால், வழக்கமான கார்களில் அது 1 கிலோவாட் சொச்சம்தான். விளக்கும் ஏசியும் அதில் பங்கு கேட்கும். ஒரு லாரியை முந்த இது உதவும். மலை முழுக்க ஏற, வீணாகும் புகையின் சக்தியில் ஓடும் டர்போ உள்ள காரை வாங்குங்கள். கையில் இருக்கும் காரில் ஒரு கியர் குறைத்து, ஆர்பிஎம்மை உயர்த்தி ஓட்டுங்கள்.