டர்ட் பைக்குக்கு ஹெட்லைட் மாட்டினால் போதுமா?

கேள்வி: பழைய டர்ட் பைக் பிரியர்கள் சிலர் சேர்ந்து இரண்டு நாள் மலைப்பாதைப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்கிறோம். பெரும்பகுதி மண் பாதை. நடுவே தார்ச்சாலையும் வரும். என்னிடம் மூன்று வண்டிகள் உள்ளன. முதலாவது, காலமான அப்பா பெயரில் இருக்கும் 1969 ஜாவா 250. அவர் அதை மண் தளப் பந்தயத்துக்காக லைட், மட்கார்டு எல்லாம் கழற்றி ஓட்டினார். பிற்பாடு யெஸ்டி இன்ஜின் மாற்றியிருக்கிறார். இரண்டாவது, என் பெயரிலேயே உள்ள 1990 யமஹா ஆர்எக்ஸ் 100. முன் ஃபோர்க்கும் டேங்கும் வேறு வண்டியுடையவை, ஆர்.சி. காலாவதி. மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து எப்போதோ வந்த சீசெட் மோட்டோகிராஸ் வண்டி. அதற்கு எந்தக் காகிதமும் இல்லை. ஹெட்லைட், ஹாரன், கண்ணாடி மாட்டிவிட்டால் சாலையில் ஓட்டலாமா? 'ஸ்கிராப் ஆன வேறு வண்டியின் ஆர்.சி. கிடைக்கும், நம்பரைப் போட்டுக்கொள்ளலாம்' என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: மெக்கானிக் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். செய்யாதீர்கள். வேறு வண்டியின் நம்பரை மாட்டுவதும், அதற்காக சேஸிஸ் எண்ணை அழித்துப் பொறிப்பதும் போக்குவரத்து அபராதத்தோடு முடிகிற சங்கதி அல்ல. மோசடி, போலி ஆவணம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் கிரிமினல் வழக்காகும். அந்த நம்பரின் பழைய சொந்தக்காரர் மேல் ஏதாவது வழக்கு நிலுவையில் இருந்தால் அதுவும் உங்கள் வாசலுக்கு வரும். ஷெட்டுகளில் இதைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். ஜாமீன் மனு போடும்போது சொன்னவர் பக்கத்தில் இருப்பதில்லை.

லைட் மாட்டுவது இதில் சின்ன வேலை. ஒரு வண்டி சாலைக்கு உரியதா என்பதை அதன் காகிதமும், அந்தக் காகிதத்தோடு வண்டி ஒத்துப்போவதும்தான் தீர்மானிக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 39 பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது. 'பொது இடம்' என்றால் தார்ச்சாலை மட்டும் என்று நினைக்காதீர்கள். பிரிவு 2(34)-ன்படி பொதுமக்களுக்குப் போய்வர உரிமையுள்ள எந்த இடமும் பொது இடம்தான். ஊர் வண்டிப்பாதை, ஏரிக்கரை எல்லாம் அதில் அடங்கும். 'மண் ரோடுதானே சார்' என்ற வாதம் நிற்காது. பதிவில்லாமல் ஓட்டினால் பிரிவு 192-ன் கீழ் முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி சிக்கினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ கிடைக்கலாம். பிரிவு 207-ன் கீழ் வண்டியையும் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

சரி, உங்கள் மூன்று வண்டிகளுக்கும் மூன்று பதில்.

ஆர்எக்ஸ் 100 தான் சுலபம். வீட்டு உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். படிவம் 25 கொடுத்து, நிலுவை வரி, பசுமை வரி, கட்டணம் கட்டி, வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் நேரில் காட்ட வேண்டும். 20 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு இந்தக் கட்டணம் 2025-ல் உயர்ந்திருக்கிறது, அதற்குத் தயாராகப் போங்கள். '15 வருஷம் ஆனால் வண்டியைப் பறித்துவிடுவார்கள்' என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவுகளிலிருந்து வந்தது.

சிக்கல் ஃபோர்க்கிலும் டேங்கிலும் இருக்கிறது. பிரிவு 52, தயாரிப்பாளர் வகுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜெயச்சந்திரா வழக்கில் இதை இறுக்கிப் பிடித்தது. பிரிவு 182ஏ(4)-ன் கீழ் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே வேறு வண்டியின் பாகங்களைக் கழற்றி, ஆர்எக்ஸ் 100-க்கு உரிய பாகங்களையே போட்டுக் கொண்டுபோங்கள். ஆர்எக்ஸ் பாகம் கிடைக்காத ஊர் நம் நாட்டில் இல்லை. பழைய நிலைக்குக் கொண்டுவருவதை யாரும் மாற்றம் என்று சொல்ல முடியாது. டயர் பொத்தான் டயராக (மண்ணில் பிடிக்கக் கட்டை கட்டையாக இருப்பது) இருப்பதால் மட்டும் சண்டை வராது, அளவு சரியாக இருந்தால் போதும்.

டூ-ஸ்ட்ரோக் வண்டி புகைச் சான்று வாங்காது என்றும் ஒரு பேச்சு உண்டு. 2000 மார்ச் 31-க்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 115 தரும் வரம்பு, கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம். இது தாராளமான வரம்பு. ஆயில் அளவும் கார்புரேட்டரும் சரியாக இருந்தால் தேறிவிடும்.

ஜாவாவுக்கு வருகிறேன். இதில்தான் நிதானம் வேண்டும். மூன்று முடிச்சுகள் உள்ளன. முதலாவது, உரிமையாளர் உயிரோடு இல்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் இவற்றோடு படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். அக்கா தங்கை இருந்தால் அவர்கள் கையெழுத்தையும் இப்போதே வாங்கிவிடுங்கள். பழைய ஜாவாவுக்கு இன்று என்ன விலை என்று தெரிந்த பிறகு கேட்டால் பேச்சு வேறு திசையில் போகும். ஆர்.சி. புத்தகம் தொலைந்திருந்தால் காவல் நிலையச் சான்றோடு படிவம் 26. அந்தக் காலத்துப் பதிவு 'வாகன்' கணினித் தளத்தில் ஏறியே இருக்காது. ஆர்.டி.ஓ. அலுவலகப் பழைய பதிவேட்டைப் பார்த்து 'பேக்லாக் என்ட்ரி' (பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது) போடச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள். வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள்.

இரண்டாவது முடிச்சு இன்ஜின். ஆர்.சி.யில் உள்ள எண் ஜாவாவுடையது, வண்டியில் இருப்பது யெஸ்டியுடையது. சோதனையில் இது உடனே தெரிந்துவிடும். பழைய இன்ஜின் பரணில் கிடந்தால் அதையே எடுத்துப் போடுங்கள், செலவானாலும் பரவாயில்லை. இல்லையென்றால் இன்ஜின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் கேட்க வேண்டும். அந்த யெஸ்டி இன்ஜின் எங்கே வாங்கியது என்பதற்கு பில்லோ, அதன் மூல வண்டியின் பதிவு ரத்தான ஆவணமோ வேண்டும். ஜாவாவும் யெஸ்டியும் மைசூரில் ஒரே கம்பெனி தயாரித்தவைதான். அது உங்கள் மனுவுக்கு வலு சேர்க்கும், ஆனால் ஒப்புதல் உறுதி என்று நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, எந்த வழியில் பதிவைப் புதுப்பிப்பது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் 81ஜி வரை சேர்த்து 'விண்டேஜ்' பதிவு கொண்டுவந்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவிலேயே இருக்கிற வண்டிகளுக்கு இது. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். விண்ணப்பித்து 60 நாளில் சான்று தர வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய மூன்றெழுத்து நம்பரை வைத்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விண்டேஜ் வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு, இவற்றுக்குப் போய்வருவது ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு சுற்று போக முடியாது. உங்களிடம் பழைய ஆர்.சி. இருக்கும்போது சாதாரணப் புதுப்பித்தல்தான் நல்லது என்பது என் கருத்து. அதில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. யெஸ்டி இன்ஜினோடு விண்டேஜ் கேட்டால் 'மூல வடிவம்' என்ற இடத்திலேயே மனு தடுக்கிவிடும்.

சீசெட்டை மறந்துவிடுங்கள். விண்டேஜ் விதி இறக்குமதி வண்டியையும் ஏற்கிறது, ஆனால் சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி ஆவணம்) கேட்கும். உங்களிடம் அது இல்லை. வயதையும் முதல் பதிவு நாளிலிருந்துதான் கணக்கிடுகிறது. பந்தயத் தளத்துக்கென்றே செய்த மோட்டோகிராஸ் வண்டி பெரும்பாலும் எங்கும் பதிவாகியே இருக்காது, அப்படியிருக்க எந்த நாளிலிருந்து எண்ணுவது? டீலரிடம் டிரேட் சர்டிபிகேட் நம்பர் இரவல் வாங்கும் யோசனை வந்தால் அதுவும் வேண்டாம், அது டீலரின் வியாபார வேலைகளுக்கு மட்டும். சீசெட்டை லாரியில் ஏற்றி, வேலியடைத்த தனியார் நிலத்தில் ஓட்டுங்கள். அதற்குப் பதிவு தேவையில்லை.

இனி பயணம். ஏற்பாட்டாளர் என்ற முறையில் உங்கள் தலைக்கு மேல் தொங்குவது பிரிவு 189. மாநில அரசின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடந்தால், ஓட்டியவருக்கு மட்டுமல்ல, அனுமதித்தவருக்கும் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'முதலில் வருகிறவருக்குக் கோப்பை' என்று ஒரு வரி உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்தால்கூட அது பந்தயத்துக்குச் சாட்சியாகும். ஸ்டாப்வாட்ச், பரிசு இரண்டையும் விடுங்கள். பாதை, நேரம், வண்டி எண்கள் கொண்ட கடிதத்தை வழியிலுள்ள காவல்துறைக்கு முன்கூட்டியே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மண் பாதை காப்புக்காட்டுக்குள் போனால் வனத்துறை அனுமதி தனி. சரணாலயம் என்றால் 1972 வனவிலங்குச் சட்டமும் குறுக்கே வரும். அந்தப் பக்கம் போகாமல் பாதையை மாற்றிக்கொள்வது மேல்.

இன்ஷூரன்ஸை லேசாக நினைக்காதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஓட்டினால் பிரிவு 196-ன் கீழ் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதமாவது கட்டித் தீர்க்கலாம். ஒரு பாதசாரி அடிபட்டால் நஷ்டஈடு முழுவதும் உரிமையாளர் கையிலிருந்து போகும், அதற்கு உச்சவரம்பு கிடையாது. பாலிசி இருந்தும் அது பந்தயம் என்று நிரூபணமானால் கம்பெனி கைவிரிக்கப் பிரிவு 150 இடம் தருகிறது. வண்டி உங்களுடையது, ஓட்டுபவர் நண்பர் என்றால் அவருடைய கியர் வண்டி லைசென்ஸை நீங்கள் பார்த்து நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத் தேதியை இன்னும் அறிவிக்கவில்லை என்றால் நல்லது. பெயர் மாற்றம், பேக்லாக், புதுப்பித்தல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும், ஜாவாவுக்குச் சில மாதங்கள் பிடிக்கலாம். இந்த வாரமே சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் பென்சில் பிரதி எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.