ஷேர் ஆட்டோ காச மிச்சம் பண்ண 32,000 ரூபா சைக்கிளா?

கேள்வி: சார் வணக்கம். வயசு 46, வீடு சென்னை கொடுங்கையூர் முத்தமிழ் நகர், ஆபிஸ் ஜெமினி பக்கம். வீட்லருந்து பெரம்பூர் வரைக்கும் ஷேர் ஆட்டோ, போக வர 40 ரூபா. அங்கருந்து 29சி பஸ், அதுக்கு போக வர சராசரியா 36 ஆகுது. காலேஜ் டைம்ல எங்க போனாலும் சைக்கிள்தான், அதுக்கப்புறம் 20 வருஷமா தொடவே இல்ல, இப்ப மறுபடி ஓட்டலாம்னு ஆசை. மடக்குற சைக்கிள் 32,000 ரூபா, நோ காஸ்ட் இஎம்ஐல தரோம், மடக்கி பஸ்லயே ஏத்திக்கலாம்னு கடைக்காரர் சொல்றார். கூடவே 1,000 ரூபா மாச பாஸும் எடுத்துட்டா மிச்சம் ஆகுமா? பழைய ஸ்கூட்டர வித்துடலாமான்னும் வீட்ல கேக்குறாங்க.

பதில்: ஆசை நல்ல ஆசைதான் சார், ஆனா கடைக்காரர் காலைல எட்டரை மணிக்கு 29சில ஏறிப் பாத்திருக்க மாட்டார்னு நெனைக்கிறேன். மனுஷன் ஒத்தக் கால்ல படில தொங்கற வண்டில 12, 13 கிலோ சைக்கிள மடக்கி எங்க வைப்பீங்க, கண்டக்டர் விசில் அடிக்கறதுக்கு முன்னாடி உங்கள எறக்கி விட்ருவார். நம்ம ஊரு பஸ்ல முன்னாடி சைக்கிள் மாட்டுற ஸ்டாண்டும் கெடையாது. அதனால சைக்கிள் பெரம்பூரோட நிக்கும், நீங்க மட்டும்தான் பஸ் ஏறுவீங்க. இத ஒத்துக்கிட்டாலே மடக்குற சைக்கிளுக்கு வேலை இல்லாம போயிடுது.

இப்ப கணக்குக்கு வருவோம். சைக்கிள் உங்களுக்கு மிச்சம் பண்ணப் போறது பஸ் காச இல்ல, ஷேர் ஆட்டோ காச. 25 நாள் வேலைன்னா 1,000 ரூபா. அதுல பெரம்பூர் ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் நிறுத்தற ஸ்டாண்டுக்கு 300 வச்சுக்கறேன் (நீங்க போய் மாச ரேட் கேட்டு திருத்திக்கோங்க), பஞ்சர், பிரேக் கட்டை, ஆயில்னு ஒரு 100. கைல நிக்கறது 600. 32,000 ரூபா சைக்கிள் இந்த 600ல வசூலாக நாலரை வருஷம் ஆகும், அதுவும் ஒரு நாள்கூட லீவ் விடாம ஓட்டினா. 6,000 ரூபாக்கு கியர் இல்லாத சாதா சைக்கிள்னா பத்து மாசம். அதுவே பாதி விலைக்கு செகண்ட் ஹேண்ட்ல நல்லதா கெடைச்சா இன்னும் சீக்கிரம்.

இன்னொரு விஷயம், நாள் பூரா வெளில நிக்கற வண்டி பளபளன்னு இருக்கவே கூடாது. பெயிண்ட் உரிஞ்ச வண்டிய எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். சைக்கிள்ல மிச்சம் பண்ற காசுல 500, 600 ரூபா நல்ல பூட்டுல போடுங்க, வீல மட்டும் பூட்டாம ஃபிரேமையும் சேத்து கம்பியோட பூட்டுங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தி ஒண்ணு சொல்லணும். கிரெடிட் கார்டுல ஜீரோ பர்சன்ட் வட்டின்னு சொல்றதே சரியில்ல, வட்டி ப்ராசசிங் ஃபீஸ்ங்கற பேர்ல உள்ள ஒளிஞ்சிருக்குன்னு ரிசர்வ் பேங்க் 2013லயே பேங்குங்களுக்கு சொல்லிடுச்சு. இப்ப அதே சமாச்சாரம் வேற வேஷத்துல வருது, வட்டிய டிஸ்கவுண்ட் மாதிரி காட்டி கழிச்சுடுவாங்க, ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டியும் ப்ராசசிங் ஃபீசும் உங்க தலைலதான். கடைல ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "கேஷா குடுத்தா எவ்ளோ கொறைப்பீங்க?" அந்த கொறையற தொகைதான் உங்க நிஜ வட்டி. ரத்தன் பஜார் பக்கம் நாலு கடை ஏறி எறங்கினா ரேட் தெரிஞ்சிடும். 2025 செப்டம்பர் 22லருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12லருந்து 5 சதவீதமா கொறைஞ்சிருக்கு, பழைய ஸ்டிக்கர் ரேட்ட காட்டினா கேட்டு வாங்குங்க.

பாஸ் வேணாம், இப்போதைக்கு. 36 ரூபா, 25 நாள், மொத்தம் 900 தான். 1,000 குடுத்து 900க்கு போறதுக்கு எதுக்கு பாஸ். ஞாயித்துக்கிழமையும் சுத்துவீங்க, சாயங்காலம் வேற பஸ் மாறி எங்கயாச்சும் போவீங்கன்னா சரி, அப்ப லாபம். வீட்டம்மா வேலைக்கு போறவங்கன்னா சாதா கட்டண பஸ்ல 2021லருந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசே கெடையாது, அவங்க கணக்குல பாஸ் பத்தி யோசிக்கவே வேணாம்.

20 வருஷம் கழிச்சு ஏர்றீங்க, அதனால முதல் மாசம் வாரத்துல ரெண்டு மூணு நாள் மட்டும் ஓட்டுங்க, மத்த நாள் ஷேர் ஆட்டோவே இருக்கட்டும். சீட்ட ஏத்தி வைங்க, பெடல் கீழ இருக்கும்போது முட்டி லேசா மடங்கினா போதும், தாழ்வா வெச்சு ஓட்டினா ரெண்டாவது வாரமே முட்டி பிடிச்சுக்கும், அப்புறம் டாக்டர் ஃபீஸ் இந்த 600ஐ முழுங்கிடும். எருக்கஞ்சேரி ஹைரோட்ல லாரிக்கு நடுவுல வீரம் காட்ட வேணாம், எம்கேபி நகர் உள்தெருவா போங்க, அஞ்சு நிமிஷம் கூட ஆனா ஆகட்டும். அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் மழைல நம்ம பக்கம் ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, குழி எது தண்ணி எதுன்னு தெரியாது. அந்த மூணு மாசம் மிச்சம் பாதிதான்னு இப்பவே எழுதி வச்சுக்கோங்க.

அதனாலதான் 600 முழுசா ஒதுக்க சொல்லல. சைக்கிள் காசு வசூலானதும் மாசம் 500 ரூபா போஸ்ட் ஆபிஸ் ஆர்டி போடுங்க. இப்ப வட்டி 6.7%, அஞ்சு வருஷம் கட்டினா 30,000 போட்டது சுமார் 35,680 ஆகும். ஒரு மாசம் தவறினா நூறுக்கு ஒரு ரூபா அபராதம், அவ்ளோதான்.

ஸ்கூட்டர விக்காதீங்க. பழைய வண்டிக்கு பெருசா ஒண்ணும் வராது, ராத்திரி யாருக்காவது உடம்பு சரியில்லன்னா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு சைக்கிள்ல கூட்டிட்டு போக முடியாது. 75லருந்து 150 சிசி வரைக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 714 ரூபா, ஜிஎஸ்டி தனி. "இப்பலாம் எடுக்கறதே இல்லையே"ன்னு அத மட்டும் விட்றாதீங்க, எடுக்கற அன்னிக்கு புடிச்சா 2,000 ரூபா ஃபைன்.