ஆடு, மாடு, நாய், பூனை, குதிரை ஆகியவற்றின் மூளைக்கு இரத்தம் செல்லும் வழியும் மனிதருக்கு உள்ளது போன்றதுதானா?

கேட்டவர் இரண்டு ஐயங்களை எழுப்பியிருக்கிறார். வீட்டு விலங்குகளின் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் மனிதருக்கு உள்ளவற்றைப் போலவே அமைந்துள்ளனவா என்பது முதலாவது. அப்படியானால் செம்மறியாட்டைக் கொண்டு மனிதரின் பக்கவாதத்தை ஆராய முடியுமா என்பது இரண்டாவது. கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் கற்பிக்கும் என்னிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதுண்டு. இரத்தம் சென்று சேரும் இடம் எல்லா இனங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே அது செல்லும் வழிதான் இனத்துக்கு இனம் மாறுகிறது. மனிதருக்கு வரைந்த படத்தை அப்படியே விலங்கின் மேல் பொருத்திப் பார்ப்பது ஆபத்தில் முடியக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூளையின் அடிப்பரப்பில், பிட்யூட்டரி சுரப்பியைச் சூழ்ந்து ஒரு தமனி வளையம் இருக்கிறது. தாமஸ் வில்லிஸ் 1664-இல் அதைத் தெளிவாக விவரித்ததால் வில்லிஸ் வட்டம் எனப்படுகிறது. பெருமூளைக்கான முன், நடு, பின் தமனிகள் இதிலிருந்தே கிளைக்கின்றன. கழுத்தின் இருபுறமும் மேலேறும் பொதுக் கரோட்டிட் தமனி, உட்கரோட்டிட், வெளிக்கரோட்டிட் என்று இரண்டாகப் பிரிகிறது. மனிதரில் இந்த வட்டத்துக்கு இரத்தம் தருபவை இரண்டு உட்கரோட்டிட் தமனிகளும், முதுகெலும்புத் தமனிகள் இரண்டும் சேர்ந்து உருவாகும் பேசிலார் தமனியுமே.

நாயும் குதிரையும் இந்த ஏற்பாட்டுக்கு நெருக்கமானவை. இரண்டிலும் உட்கரோட்டிட் தமனி வாழ்நாள் முழுவதும் திறந்தே இருக்கிறது. ஆனால் குதிரையில் அது மண்டையோட்டை அடையும் முன், தொண்டைக்கு மேலே காற்று நிரம்பியிருக்கும் கட்டுரல் பை என்னும் அறையின் மெல்லிய சுவரை ஒட்டிச் செல்கிறது. அந்தப் பையில் பூஞ்சை வளர்ந்து தமனிச் சுவரை அரித்துவிட்டால் மூக்கின் வழியே இரத்தம் கொட்டும். முதலில் சிறிதளவு வடிந்து நின்றுபோய், சில நாட்களுக்குப் பின் உயிரையே பறிக்கும் அளவுக்குப் பெருகுவது இந்நோயின் இயல்பு. தமனியை இதயத்தின் பக்கம் மட்டும் கட்டினால் போதுமே என்று மாணவர்கள் கேட்பார்கள். போதாது. மறுபக்க உட்கரோட்டிடிலிருந்தும் பேசிலாரிலிருந்தும் வில்லிஸ் வட்டத்துக்கு வரும் இரத்தம், அழுத்தம் குறைந்த இந்தத் தமனிக்குள் பின்னோக்கிப் பாய்ந்து அதே புண் வழியாக வெளியேறும். அதனால் அறுவை மருத்துவர் புண்ணுக்கு இருபுறமும் அடைக்கிறார்.

செம்மறியாடு, வெள்ளாடு, மாடு ஆகியவற்றில் கதை முற்றிலும் வேறு. இவற்றில் உட்கரோட்டிட் தமனியின் மண்டையோட்டுக்கு வெளியிலுள்ள பகுதி பிறந்தபின் படிப்படியாகச் சுருங்கி அடைபட்டுவிடுகிறது. அதன் வேலையை வெளிக்கரோட்டிடிலிருந்து வரும் மேல்தாடைத் தமனியின் கிளைகள் ஏற்றுக்கொள்கின்றன. அவை மண்டையோட்டுக்குள் நுழைந்ததும் நேராக வட்டத்தில் சேர்வதில்லை. நுண்ணிய கிளைகளாகப் பிரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பிறகு மீண்டும் ஒரே தமனியாகக் கூடுகின்றன. இந்தப் பின்னலுக்கு ரெட்டே மிராபிலே, அதாவது வியத்தகு வலை, என்று பெயர். செம்மறியாட்டின் பொதுக் கரோட்டிட் தமனியில் லேடெக்ஸ் என்னும் சிவப்பு நிறமூட்டிய ரப்பர் பாலைச் செலுத்தி, அது உறைந்தபின் மண்டையோட்டைத் திறந்து மூளையை மெல்லத் தூக்கினால், பிட்யூட்டரிக்கு இருபுறமும் சிக்கிக்கொண்ட நூற்கண்டு போல ஒரு சிவப்புத் திரள் தெரியும். பழங்கால கிரேக்க மருத்துவர் காலென் விலங்குகளில் கண்ட இந்த வலை மனிதரிலும் உண்டென்றே எழுதினார். மனிதரில் அப்படி ஒன்று இல்லை என்பது பதினாறாம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. பன்றியிலும் இந்த வலை உண்டு. அங்கே அதற்கு இரத்தம் தருவது பெரும்பாலும் ஏறு தொண்டைத் தமனி.

இந்த வலை கேவர்னஸ் சைனஸ் என்னும் சிரைக்குழிக்குள் மூழ்கிக் கிடக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் வியப்பளிக்கும் செய்தி. விலங்கு மூச்சிரைக்கும்போது மூக்கின் உட்பரப்பில் ஈரம் ஆவியாகி அங்குள்ள இரத்தம் குளிர்கிறது. அந்தச் சிரை இரத்தம் இந்தக் குழிக்கு வந்து, வலைக்குள் ஓடும் தமனி இரத்தத்தின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெயிலில் உடல் சூடேறும்போதும் மூளையின் வெப்பநிலை தமனி இரத்தத்தைவிடக் குறைவாக இருப்பது இதனால்தான்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் இடையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆட்டில் ஏறத்தாழ முழு மூளையும் கரோட்டிட் வழி வரும் இரத்தத்தையே நம்பியிருக்கிறது. முதுகெலும்புத் தமனிக்கு மூளையில் பெரிய பங்கில்லை. மாட்டிலோ முதுகெலும்புத் தமனிகள் தனிக் கிளைகள் வழியாக அந்த வலைக்கும் இரத்தம் அனுப்புகின்றன. எனவே இரண்டு கரோட்டிடுகளும் அறுபட்டால் ஆடு பெரும்பாலும் 20 நொடிகளுக்குள் உணர்விழக்கிறது. சில மாடுகள் ஒரு நிமிடத்துக்கும் மேல் உணர்வோடிருக்கக்கூடும். அறுபட்ட தமனிகளின் முனைகள் சுருங்கி அடைபடுவதும் இதற்கு மற்றொரு காரணம். அறுப்பதற்கு முன் மாட்டை உணர்விழக்கச் செய்வது ஏன் இன்றியமையாதது என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த உடற்கூறே போதுமான காரணம்.

பூனையை நாயைப் போல நினைப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. பூனையிலும் உட்கரோட்டிட் தமனி அடைபட்டுவிடுகிறது. மேல்தாடைத் தமனியைச் சூழ்ந்த அதன் வலை பெரும்பாலும் மண்டையோட்டுக்கு வெளியே, தாடை மூட்டுக்கு அப்பால் இருக்கிறது. பல் சிகிச்சையின்போது ஸ்பிரிங் கருவியால் வாயை முழுவதும் விரித்து நெடுநேரம் வைத்திருந்தால், கீழ்த்தாடை எலும்பின் பின்பகுதி மேல்தாடைத் தமனியை நசுக்கலாம். மயக்கம் தெளிந்தபின் பூனை பார்வையிழந்து கிடப்பதற்கும், சில வேளைகளில் செவிடாவதற்கும் இது காரணமாகிறது. கண்ணில் பழுதொன்றும் இருக்காது. இரத்தமின்றிச் சேதமுற்றது பெருமூளையின் வெளியடுக்கான புறணிதான். சில பூனைகளுக்குப் பார்வை திரும்பும், சிலவற்றுக்குத் திரும்பாது. பூனையின் வாயை வேலைக்குத் தேவையான அளவு மட்டும், இடையிடையே தளர்த்தித் திறந்து வைப்பதே சரியான முறை. ஸ்பிரிங் கருவியைத் தவிர்ப்பது அதைவிட நல்லது.

இனி இரண்டாவது கேள்வி. மனிதரில் தொடை வழியாகச் செலுத்தும் நுண்குழாயை உட்கரோட்டிட் வழியே மூளைத் தமனி வரை கொண்டு செல்ல முடியும். நாயிலும் அது இயலும், தமனியின் வளைவுகள் சற்றுத் தொல்லை கொடுத்தாலும். செம்மறியாட்டிலும் பன்றியிலும் குழாய் வலையை எட்டியதும் நின்றுவிடும். அதைத் தாண்டிச் செல்லும் அகலம் அந்த நுண்கிளைகளுக்கு இல்லை. ஆகவே மூளைத் தமனிகளுக்குள்ளேயே இரத்தக்கட்டியைக் குழாய் வழியே அகற்றும் சிகிச்சையைப் பயிற்சி செய்ய இவை ஏற்றவை அல்ல. ஆனால் மண்டையோட்டைத் திறந்து நடுப் பெருமூளைத் தமனியை நேரடியாக அடைத்து, அதன்பின் மூளைத் திசுவில் நிகழும் மாற்றங்களை ஆராய்வதற்குச் செம்மறியாடு மிகவும் பொருத்தமானது. அதன் மூளை எலியின் மூளையைப் போல மழமழப்பாக இல்லாமல், மனித மூளையைப் போல மடிப்புகளோடு இருக்கிறது. வட்டத்துக்கு அப்பாலுள்ள தமனிகளின் பரவலும் நம்முடையதைப் பெரிதும் ஒத்திருக்கிறது.